கருவாட்டில் இரண்டு ஓ

என் கடை மேசையில் ஒரு அட்டை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைகள் வரும் பெட்டியின் மூடியைக் கிழித்து எடுத்தது. ஒரு பக்கம் பளபளக்கும் சிவப்பு; அதில் பிள்ளையாரின் ஒரு காதும் பாதித் தும்பிக்கையும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மறுபக்கம் வெறும் பழுப்பு. அந்தப் பழுப்பில் நீல மையில் பதினோரு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அவற்றில் பத்து அடிக்கப்பட்டிருக்கும். ஒன்பது பெயர்களுக்கு ஆளுக்கொரு கோடு, நிதானமாகப் போட்டது. பத்தாவது பெயரை மட்டும் மூன்று முறை அடித்திருக்கிறாள். பேனா முனை அட்டையைத் துளைத்துப் பிள்ளையாரின் காது வழியாக வெளியே வந்துவிட்டது. அந்தப் பத்தாவது பெயர் நான் சொன்னது.

எழுதியவளும் அடித்தவளும் என் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. அத்தை என்றதும் நரைத்த தலையையும் வெற்றிலைப் பெட்டியையும் கற்பனை செய்துகொண்டீர்கள் என்றால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். என்னைவிட நான்கே வயது மூத்தவள். இருவரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். அவள் மிதிப்பாள், நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். மேடு வந்தாலும் இறங்க மாட்டேன், வசை வாங்குவேன். வாய்க்கு வாய் "டேய்" என்பாள். நான் "அத்த" என்பேன். அந்த ஒரு சொல்லைத் தவிர எங்களுக்குள் பெரியவர் சிறியவர் என்ற மரியாதை எதுவும் இருந்ததில்லை.

புதுச்சேரியில், தேங்காய்த்திட்டில், மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. மொட்டை மாடியில் வலையை விரித்து எப்போதும் ஏதாவது ஒரு மீன் காய்ந்துகொண்டிருக்கும். எங்கள் பள்ளிச் சீருடை காய்ந்ததும் அதே மாடியில்தான், வேறு இடம் இல்லை. எவ்வளவு சோப்புப் போட்டு என்ன, வெயில் ஏறினால் சட்டை தன் கதையைச் சொல்லிவிடும். அவள் எட்டாம் வகுப்புப் படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்த பெண் இடம் மாற்றித் தரச் சொல்லி அழுதிருக்கிறாள். டீச்சர் நல்லவர், யாரையும் திட்டவில்லை. "காத்து நல்லா வரும், இங்க உக்காரும்மா" என்று அத்தையை ஜன்னல் ஓரம் தனியாக உட்கார வைத்தார். அன்று மத்தியானத்திலிருந்து பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்குக் கருவாடு என்று பெயர் வந்துவிட்டது.

நான் நான்காம் வகுப்பு. சாயங்காலம் மணி அடித்து வெளியே வரும்போது என் சிநேகிதன் ஒருவன் சைக்கிள் பக்கம் கையைக் காட்டி, "அந்தக் கருவாடு உங்க வீடாடா?" என்று கேட்டான். "பக்கத்து வீட்டு அக்கா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் தயாராக இருந்தது போல வந்துவிட்டது. அவள் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாதி வழியில் பாலத்துக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி, "எறங்கு. பக்கத்து வீட்டுப் பையன எல்லாம் நான் ஏத்தறதில்ல" என்றாள். மீதித் தூரத்தை நடந்தே போனேன். வீட்டில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. எனக்குப் பங்கு வைத்திருந்த நெத்திலிக் கருவாட்டு வறுவலை மட்டும் முழுசாக அவளே தின்றுவிட்டாள்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அதற்குப் பிறகு கருவாட்டையே வெறுத்திருப்பாள். இவள் அதைப் படிக்க ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்தில் விற்காமல் மிஞ்சியதுதான் கருவாடாகும். அவள் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டாள். "மிஞ்சினத காய வெச்சா மிஞ்சினது மாதிரிதான் இருக்கும்" என்று, கரைக்கு வந்த நல்ல மீனிலேயே இரண்டைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்வாள். அப்பா தலையில் அடித்துக்கொள்வார். எந்த மீனைக் கீறிப் போட வேண்டும், எதை முழுசாகப் போடலாம், எத்தனை நாள் உப்பில் கிடக்க வேண்டும், மேகம் போட்ட நாளில் என்ன ஆகும் என்று பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைப்பாள். மணலில் காய்ந்ததையும் வலையில் காய்ந்ததையும் கண்ணை மூடிக்கொண்டு கடித்தே சொல்லிவிடுவாள். சென்னாகூனியில், அந்தப் பொடி இறால் கருவாட்டில், நாலு தரம் இருக்கிறது என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்றுவரை எனக்கு நாலும் ஒன்றுதான்.

டிகிரி முடித்து டவுனில் ஒரு சின்ன அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். பிரான்சுக்குப் போகிற காகிதங்களை மொழிபெயர்த்துத் தரும் அலுவலகம் அது. பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு சான்றிதழ் உண்டு. எங்கள் ஊர்ப் பழைய காகிதங்களில் பெயர்கள் பிரெஞ்சு வழக்கத்தில்தான் இருக்கும். அந்த வழக்கத்தில் யு என்ற எழுத்து தனியாக நின்றால் நம்முடைய உகரம் வராது. அதற்கு முன்னால் ஒரு ஓ நிற்க வேண்டும். முத்து என்ற பெயரில் மூன்றே எழுத்து, ஆனால் இரண்டு ஓ உள்ளே புகுந்துகொள்ளும். முத்தியால்பேட்டையே பழைய பத்திரங்களில் எம், ஓ, யு என்றுதான் தொடங்கும். ஒரு காகிதத்தில் ஓ இருந்து இன்னொன்றில் இல்லாமல் போனால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவான், பிறகு அவன் தான் தான்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டும். அப்படி அலைந்தவர்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவள் அத்தை. அவள் பெயரிலும் இரண்டு இடத்தில் ஓ வரும். யாராவது விட்டுவிட்டால் பேங்க் ஆனாலும் ரேஷன் கடை ஆனாலும் காகிதத்தைத் திருப்பி நீட்டுவாள்.

என் பெயரிலும் ஒரு ஓ இருந்தது. விழுப்புரத்தில் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் வருகைப் பதிவு எடுத்தவர் அதைத் தினமும் ஒரு விதமாகப் படித்தார், வகுப்பு சிரித்தது. இரண்டாவது வாரம் நானே ஓவை வெட்டிவிட்டுக் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன். பிறகு எல்லாக் காகிதத்திலும் அப்படியே ஆனது. அத்தை ஒருநாள் என் அடையாள அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கற பல்ல எதுக்குடா புடுங்கின?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் அலுவலகத்தில் மத்தியானம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சேர்ந்த மாதமே மேலதிகாரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மிகவும் தன்மையாக, வேறு ஏதாவது கொண்டு வரலாமே என்று சொன்னார். ஏசி அறை, ஜன்னல் திறக்க முடியாது, வருகிறவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்றார். மறுநாளும் அவள் கருவாட்டுக் குழம்புதான் கொண்டுபோனாள். ஆனால் அறையில் திறக்கவில்லை. கீழே சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு சிமெண்டுக் கட்டை இருக்கிறது, அதில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் கேட்டபோது, "அவுங்க ரூமு, அவுங்க சொல்லலாம். என் டப்பாவ யாரும் சொல்லக் கூடாது" என்றாள். எனக்கு அதைக் கேட்டுக் கோபமும் வந்தது, கொஞ்சம் கூச்சமும் வந்தது. அந்தக் கூச்சம் யாரை நினைத்து வந்தது என்று அப்போது நான் நோண்டிப் பார்க்கவில்லை.

ஏனென்றால் நான் அப்போது முத்தியால்பேட்டையில் ஒரு டிசைன் கடையில் வேலையில் இருந்தேன். விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், பத்திரிகை, அத்துடன் சின்னச் சின்ன வெப்சைட்டுகள். கல்யாணமாகிக் கருவடிக்குப்பத்தில் குடியிருந்தேன். எந்த ஊர் என்று முதலாளி கேட்டபோது, "கருவடிக்குப்பம் சார்" என்றேன். அது பொய் இல்லை, வாடகை அங்கேதான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் தேங்காய்த்திட்டு என்ற சொல் அந்தக் கடைக்குள் என் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. கருவாட்டுக்குப் பயந்து ஓடினவன் கருவடிக்குப்பத்தில் போய்க் குடியேறினானாம். விதி என்னை வைத்துச் செய்த இந்தக் கேலி புரிந்து நான் சிரிக்கப் பல வருடம் ஆனது.

ஒரு சனிக்கிழமை அத்தை கடைக்கு வந்தாள். போனில் நூற்றுக்கணக்கில் படங்கள். உப்பு பூத்த வாளை, கீறி விரித்த வஞ்சிரம், வலையில் வரிசையாகக் காரப்பொடி மீன். பள்ளிக்கூட நோட்டுகளும் பையில் இருந்தன. "எனக்கு ஒரு வெப்சைட் வேணும்டா" என்றாள். "விக்கறதுக்கா?" என்று கேட்டேன். "சொல்றதுக்கு" என்றாள். இத்தனை வருடம் பார்த்து வைத்ததை ஒரு இடத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. செய்து தருகிறேன் என்று உடனே ஒப்புக்கொண்டேன். அதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம் இருந்தது. முதலில் பெயர் வேண்டும், அந்தப் பெயரை முகவரியாகப் பதிவு செய்ய வேண்டும், வேறு யாரும் எடுத்திருக்கக் கூடாது என்று விளக்கினேன். கையில் கிடைத்த பெட்டி மூடியைக் கிழித்துக் கொடுத்து, யோசித்து எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்.

அடுத்த வாரம் பத்துப் பெயர்களுடன் வந்தாள். பாதி மற்றவர்கள் சொன்னது. கடல், அலை, கரை, நெய்தல் என்று ஊரே உதவி செய்திருந்தது. நானும் அவள் முன்னால் உட்கார்ந்து யோசித்து உப்புக்காற்று என்று இன்னொன்றைச் சொல்லி எழுத வைத்தேன். சொல்லும்போதே எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் அவள் பட்டியலில் முதலில் எழுதியிருந்தது கருவாடு. ஆங்கில எழுத்தில், அவள் தினமும் தட்டச்சு செய்கிற பழக்கத்தில்: கே, ஏ, ஆர், ஓ, யு, வி, ஏ, டி, ஓ, யு. மற்றதெல்லாம் சும்மா, இதுதான் வேண்டும் என்றாள். என் எதிரிலேயே ஒவ்வொன்றாக ஒன்பதை அடித்தாள். நான் சொன்னதை மட்டும் மரியாதைக்காக விட்டு வைத்தாள்.

அப்போது எனக்கு ஒரு நல்ல சாக்கு கிடைத்தது. "அத்த, இது தப்பான ஸ்பெல்லிங்கு. இப்ப யாரு ஓ போடறாங்க? கரோவடோன்னு படிப்பாங்க" என்றேன். "நம்மூர்ல படிக்கத் தெரிஞ்சவங்க படிப்பாங்க" என்றாள். ஓ இல்லாத எழுத்தில் தேடிக் காட்டினேன். அதை ஏற்கெனவே யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். இன்னொரு ஏ சேர்த்துப் பார்த்தேன், அதுவும் போயிருந்தது. எனக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். "அதான் சொல்றனே, ஓ போட்டுத் தேடு, இருக்கும்" என்று சொல்லிவிட்டு அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நான் தேடவில்லை. அந்த வாரம் உப்புக்காற்றைப் பதிவு செய்தேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் ஒன்றுக்கு நாலு இருந்தன. பெயர் அழகாக இருக்கிறது, யாரும் எளிதில் எழுதுவார்கள், வெளியூர்க்காரர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள், பார்த்தால் அவளுக்கே பிடித்துவிடும். நிஜக் காரணம் ஒன்றுதான். எங்கள் கடை செய்கிற எல்லா வெப்சைட்டிலும் கீழே, வடிவமைத்தவர் என்று என் பெயர் வரும். மேலே கருவாடு, கீழே நான். அந்த நான்காம் வகுப்புப் பையன் என்னை விட்டு எங்கேயும் போயிருக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம் அவளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். மேலே நீலக் கடல், அதன்மேல் வளைந்த எழுத்தில் உப்புக்காற்று, கீழே அவள் படங்கள். முதலாளியும் நாற்காலியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பேரு நல்லா இருக்குதும்மா" என்றார். அவள் அவரைப் பார்த்து அமைதியாகக் கேட்டாள், "இது எதப் பத்தினது சார்?" அவர் திரையை இன்னொரு தடவை பார்த்தார். "கடலு... பீச்சு... ஹோட்டலாம்மா?" என்றார். "கருவாட்டப் பத்தினது சார்" என்றாள் அத்தை. அவர் தலையாட்டிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. "பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பண்ணிக் குடுத்தியா?" என்றாள்.

பாலத்தில் இறக்கிவிட்ட நாளுக்குப் பிறகு அந்த வார்த்தையை எங்களில் யாருமே எடுத்ததில்லை. மறந்துவிட்டாள் என்று நான் நம்பியிருந்தேன். பையிலிருந்து அட்டையை எடுத்தாள், என் மேசையில் இருந்த பேனாவை எடுத்தாள், உப்புக்காற்றை மூன்று தடவை அடித்தாள். "காத்து சும்மாவே வருதுடா, அதுக்கு எதுக்கு வெப்சைட்டு. எனக்கு அந்தப் பேர வெச்சவங்க, நான் அழணும்னு வெச்சாங்க. நானே எடுத்து வெச்சிக்கிட்டா அது என் பேரு. கீழ உன் பேரு போடணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல, எடுத்துடு. மேல என் பேரு இருக்கணும்." அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அது அன்றிலிருந்து என்னிடம்தான் இருக்கிறது.

எனக்கு முகம் கொதித்தது. அவள் பேசியதற்காக இல்லை, பேசியதில் ஒன்றையும் மறுக்க முடியாததற்காக. பிறகு தேடும் இடத்தில் அந்தப் பத்து எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஓ, யு வந்த இரண்டு இடத்திலும் நிறுத்திச் சரிபார்த்தேன். கிடைக்கிறது என்று பச்சை எழுத்தில் வந்தது. உலகத்தில் வேறு யாருமே கேட்டிருக்கவில்லை. பதிவு செய்தேன், கடலை எடுத்தேன், அந்த இடத்தில் எங்கள் மொட்டை மாடியின் படத்தை வைத்தேன். கீழே என் பெயரை எடுக்கவில்லை.

முடித்துவிட்டு முதலாளியிடம் போய், "சார், வந்தது எங்க அத்த. தேங்காத்திட்டு. நானும் அந்த ஊருதான்" என்றேன். ஆறு வருடம் மூடி வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டு, இடி விழப்போகிறது என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இத மொதல்லயே சொல்லியிருந்தா மார்க்கெட்டுல போயி பழைய மீன வாங்கிட்டு ஏமாந்திருக்க மாட்டேனே. ஞாயித்துக்கெழம ஒரு வஞ்சிரம் சொல்லி வெய்யி" என்றார். அவ்வளவுதான். யாரும் துரத்தாமலேயே இத்தனை வருடம் ஓடியிருக்கிறேன். அத்தையை நிஜமாகவே துரத்தினார்கள், அவள் ஒரு அடிகூட நகரவில்லை.

வெப்சைட்டின் முதல் வரியை அவளே எழுதிக் கொடுத்தாள். "கருவாடு மீனாகாது என்பார்கள். ஆக வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. மீன் ஒரு நாள் இருக்கும், கருவாடு ஒரு வருடம் இருக்கும்." அதை அப்படியே போட்டேன், ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை. இரண்டு மாதம் யாரும் வரவில்லை. வந்ததெல்லாம் அவளும் நானும்தான். பார்த்தாயா, ஸ்பெல்லிங் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஒரு தடவை பட்டது போதும் என்று விழுங்கிக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் ஒரு கடிதம் வந்தது. பிரான்சில் ஏதோ ஒரு ஊரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் பெண்மணி. புருஷன் வழியில் பிரெஞ்சுப் பட்டாளத்துக் குடும்பம், போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பாதி பிரெஞ்சும், பாதி பிரெஞ்சு எழுத்தில் எழுதின தமிழுமாக இருந்தது கடிதம். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அத்தை வாய்விட்டுக் கடகடவென்று படித்தாள். கருவாட்டைப் பற்றிப் பல தடவை தேடியும் தன் கையில் வருகிற எழுத்துக்கு எதுவும் அகப்படவில்லை, இன்றைக்குத் திடீரென்று அகப்பட்டது என்று எழுதியிருந்தார். அவர் கையில் வருகிற எழுத்து, அந்த இரண்டு ஓ வைத்த எழுத்து. புதுச்சேரிக் காகிதங்களோடு கப்பலேறிப் போனவர்கள் அத்தனை பேருக்கும் கருவாடு என்றால் அப்படித்தான் விரலில் வரும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அவளுக்கும் அப்படி ஒரு திட்டம் இருந்ததில்லை. தன் ஊர் எழுத்தைத் தன் ஊர்ப் பண்டத்துக்குப் போட்டாள், அவ்வளவுதான்.

அந்தப் பெண்மணிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கருவாடு வறுத்தால் மாடியில் எல்லோரும் புகார் சொல்கிறார்கள், வாசனை வெளியே போகாமல் வறுக்க வழி உண்டா என்று கேட்டிருந்தார். அத்தை அன்றைக்கே பதில் தட்டச்சு செய்தாள். வறுக்கும்போது ஜன்னலைச் சாத்தாதீர்கள், திறந்தே வையுங்கள். வறுத்ததும் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டில் கொடுங்கள். வாங்கிக்கொள்ளாவிட்டால் அதையும் நீங்களே சாப்பிடுங்கள். இவ்வளவுதான் பதில். மறுவாரம் அந்த மாடியில் ஒரு வீடு கிண்ணத்தை வாங்கிக்கொண்டதாகவும் இரண்டு வீடு கதவையே திறக்கவில்லை என்றும் பதில் வந்தது. "ஒண்ணு தேறிச்சில்ல" என்றாள் அத்தை.

அதற்குப் பிறகு கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அவளே பதில் எழுதுகிறாள். அவள் அலுவலகம் மட்டும் மாறவில்லை. வெளிநாட்டிலிருந்து காகிதத்துக்காக வருகிறவர்கள் சிலர் அவளைத் தேடி வந்து கைகொடுத்துவிட்டுப் போகிறார்கள், மேலதிகாரியும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். மேலே வந்து சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் போவாளா என்பது சந்தேகம்தான். இன்றும் சைக்கிள் ஸ்டாண்டில்தான் சாப்பிடுகிறாள். இப்போது அந்தச் சிமெண்டுக் கட்டையில் இன்னும் இரண்டு பேர் உட்காருகிறார்கள்.

நான் தனியாகக் கடை வைத்து இந்த மாதம்தான் போர்டு மாட்டப்போகிறேன். அதே முத்தியால்பேட்டை, பழைய கடைக்கு இரண்டு தெரு தள்ளி. போன வாரம் போர்டுக்கு எழுத்து அமைத்துக்கொண்டிருந்தபோது கணினியில் ஒரு தகவல் வந்தது. ஓ இல்லாத அந்த எழுத்தை யாரோ எடுத்து வைத்திருந்தார்கள் அல்லவா, அவர்கள் விட்டுவிட்டார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எனக்குப் பழைய ஆர்வம் கிளம்பிவிட்டது. உடனே அவளுக்குப் போன் போட்டேன். "அத்த, சரியான ஸ்பெல்லிங்கு இப்ப கெடைக்குது. எடுத்துடலாமா?" என்றேன்.

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது. "எதுடா சரியான ஸ்பெல்லிங்கு?" என்று கேட்டாள்.

"வேல கெடக்குது, வெய்யி" என்று அவளே வைத்துவிட்டாள். இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். அடிக்காமல் மிஞ்சிய அந்த ஒரே பெயர், முதல் வரியில், பத்து எழுத்தும் தெளிவாக இருந்தது. ஓ இரண்டையும் மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கிறாள், அதை நான் அன்றுதான் கவனித்தேன். திரையில் என் கடைப் போர்டு நின்றது. அதில் என் பெயர், விழுப்புரத்தில் வெட்டியபடி. கர்சரை யு எழுத்துக்கு முன்னால் வைத்து ஒரு ஓவைச் சேர்த்தேன். எழுத்துகள் நகர்ந்து இடம் விட்டன.

மகள் கல்யாணப் பத்திரிகையில் திருத்தம் பார்க்க வந்திருந்த ஒரு பெரியவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்க பேர்ல ஒரு ஓ அதிகமா வந்துட்டாப்பல இருக்குதே" என்றார்.

"இல்லைங்க. இத்தினி நாளா ஒண்ணு கொறைவா இருந்துச்சு" என்றேன்.

அவர் ஒன்றும் புரியாமல் பத்திரிகையைப் பார்க்கப் போய்விட்டார். நான் அட்டையை இழுப்பறையில் திரும்ப வைக்கவில்லை. கடைக்குள் வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி மேசை விளிம்பில், பழுப்புப் பக்கம் வெளியே பார்க்கச் சாய்த்து வைத்திருக்கிறேன். அந்த ஓட்டையும் நன்றாகத் தெரிகிறது. யாராவது கேட்டால், எங்க அத்தை போட்டது என்று சொல்வேன்.